சாக்கெட் பொருத்தம் தொடர்பாக ஒரு பணிவான விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு செயலி, மதர்போர்டு, மெமரி தயாரிக்கும் பெருங்குடும்பத்தார் அவர்கள்

பொருள்: பழைய போர்டுக்குப் புதிய வரன் அமையாதது குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

தாங்கள் நலமாக இருப்பதைத் தங்கள் விலைப்பட்டியலிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

போன சனிக்கிழமை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மதர்போர்டை மேசைமேல் வைத்து, "இதுக்கு இப்ப வர்ற ப்ராசஸர் ஒண்ணு போடணும் தம்பி" என்றேன். தம்பி போர்டைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "டேய், இங்க வந்து இதப் பாரேன்" என்று குரல் கொடுத்தார். வந்தவர் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, கேபினெட்ட மட்டும் வச்சிக்கலாம். இத எடைக்கு எடுத்துக்கவா?" என்றார்.

அந்த போர்டின் அட்டைப்பெட்டியில் 'ஃப்யூச்சர் ரெடி' என்று பளபளக்கும் எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். எதிர்காலம் வந்தது, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டது, ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுந்து போய்விட்டது.

ஐயா, தங்கள் குலத்தில் பார்க்கிற பொருத்தம் எங்கள் ஊர் ஜோசியருக்கே தெரியாது. இன்டெல் வகையறாவைப் பார்ப்போம். 2009இல் சாக்கெட்டுக்கு 1156 பின். 2011இல் 1155. ஒரே ஒரு பின் குறைந்தது, சம்பந்தமே முறிந்தது. 2013இல் 1150. 2015இல் 1151. அப்பாடா என்று உட்கார்ந்தோம். 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் அதே 1151 பின்தான். பழைய போர்டில் வைத்தால் சமர்த்தாக உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. பத்துப் பொருத்தமும் இருந்தும் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. ஆர்வலர்கள் சிலர் செயலியின் அடியில் டேப்பை நறுக்கி ஒட்டி, பயாஸைத் திருத்தி, பழைய போர்டிலேயே அதை ஓட்டிக் காட்டினார்கள். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி அது. எங்கிருந்தாலும் வாழ்க.

அதற்கப்புறம் 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851. 1700 வந்தபோது கூலர் பூட்டும் ஓட்டைகளின் இடைவெளியையும் 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆக்கினீர்கள். மூன்று மில்லிமீட்டர்! மண்டபம் மாறினால் நாதஸ்வரக்காரரையும் மாற்ற வேண்டும் என்ற உயர்ந்த சம்பிரதாயத்தை வேறு யார் காப்பாற்றுவார்கள்?

ஏஎம்டி வகையறா கொஞ்சம் தேவலாம். 2017இல் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களில் பலரால் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி செயலியை அதிலேயே போட முடிந்தது. ஆனால் அதுவும் சும்மா கிடைத்த சீர் இல்லை. 2020 மே மாதம், 400 வரிசை போர்டுகளுக்குப் பின்னால் ரைசன் 5000 என்று வந்த செயலிகள் கிடையாது என்றார்கள். பயாஸ் சில்லில் இடம் போதாது என்று காரணமும் சொன்னார்கள். வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் முடிவு மாறியது. சத்தம் போட்டால் பொருந்துகிற ஜாதகத்துக்கு முதலில் என்ன தோஷம் இருந்தது என்று கேட்கலாமா ஐயா?

பரிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய செயலியை ஏற்கப் பழைய போர்டுக்கு பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். அதைச் செய்யக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடுவதற்குப் பழைய செயலி வேண்டும். புதுச் செயலியை மட்டும் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? 2018இல் ஏஎம்டியே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு இரவல் செயலி அனுப்பிவைத்தது. அப்டேட் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வாழைமரத்துக்குத் தாலி கட்டி வெட்டிவிட்டு அப்புறம் மணமேடை ஏறும் சடங்கு கணினி யுகத்திலும் இருக்கிறது என்பதில் எங்களுக்குப் பெருமை. இப்போது சில போர்டுகளில் செயலி இல்லாமலே அப்டேட் செய்ய ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். விலை குறைந்த பல போர்டுகளில் அதைக் காணோம்.

மெமரி விஷயத்துக்கு வருகிறேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின். ஒரே ராசி, ஒரே நட்சத்திரம். நடுவிலிருக்கும் வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது. இதில் தங்கள்மேல் பழி போட மாட்டேன். டிடிஆர்5இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லு மெமரிக் குச்சிக்கே வந்துவிட்டது. அந்த வெட்டு தடுக்காமல் மாற்றிச் செருக முடிந்தால் புகைகூட வரலாம். இந்தச் செவ்வாய் தோஷம் நிஜமானது.

ஆனால் அந்தக் காலி ஸ்லாட்டுகள்! 'இப்போதைக்கு ரெண்டு குச்சி போடுங்க, அப்புறம் ரெண்டு போட்டுக்கலாம்' என்பதுதான் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படும் எல்லோருக்கும் சொல்லப்படும் ஆலோசனை. ஏஎம்5 தளத்தில் ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வமாக எழுதியிருப்பதைப் படித்தேன். இரண்டு குச்சி என்றால் வேகம் 5200. நான்கையும் நிரப்பினால் 3600. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதிக்குத்தான் இத்தனை நாள் அப்கிரேடு என்று பெயர். அதேபோல இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால் சில சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது என்று பல கையேடுகளில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இருக்கும். தங்களிடம் நட்சத்திரம் என்றாலே பொருத்தக்கேடுதான்.

கொஞ்ச நேரம் ஜாதகத்தை மூடி வைக்கிறேன். என் போர்டில் ஒரு பழுதும் கிடையாது. ஒரு கெபாசிட்டர் உப்பவில்லை. அதைக் கழிக்கச் சொல்வது இயற்பியல் இல்லை, உங்கள் விற்பனைக் கணக்கு. செயலி மட்டும் மாற்ற வந்தவன் போர்டு, மெமரி, கூலர் என்று எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு அழ வேண்டும். அந்த மெமரியும் ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் யானை விலைக்கு வந்துவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான், தன் க்ரூசியல் பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. கடன் வாங்கி டிடிபி சென்டர் நடத்துகிறவரும், மகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கும் தகப்பனும் இனி உங்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். எடைக்குப் போன போர்டை எங்கோ ஒரு கொட்டகையில் அமிலத்தில் முக்கித் தங்கம் பிரிப்பவன் கையில் உறைகூட இருக்காது. அவனுக்கும் 'ஃப்யூச்சர் ரெடி' ஸ்டிக்கர் ஒன்று அனுப்புங்கள்.

மன்னிக்க வேண்டும். ரத்த அழுத்தம். தங்கள் பெருமைக்கு வருகிறேன்.

தாங்கள் மனது வைத்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சி தங்களிடமே இருக்கிறது. ஏடிஎக்ஸ் அளவை 1995இல் வகுத்தது இன்டெல்தான். அன்று குறித்த திருகு ஓட்டைகளில் இன்றைய போர்டும் வந்து உட்காருகிறது. கடைத் தம்பி கேபினெட்டை மட்டும் வாழவிட்ட காரணம் அதுதான். ஏஎம்4 கூலர்கள் பலவும் ஏஎம்5இல் அப்படியே பூட்டிக்கொள்கின்றன. ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கும் அப்பால் கொண்டுபோவதாக ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது. வாக்கு என்று ஒன்று இருப்பதே இந்தக் குடும்பத்தில் அதிசயம். ஆகவே இப்போதெல்லாம் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், போர்டுக்கு அதிகம் கொட்டாதீர்கள், அந்தக் காசை நல்ல பவர் சப்ளை, நல்ல மானிட்டர், பெரிய எஸ்எஸ்டி என்று போடுங்கள், மெமரியை இரண்டே குச்சியில் முழுதாக வாங்குங்கள் என்கிறேன். எந்தச் சம்பந்தம் முறிந்தாலும் கூடவே வருகிற சொந்தங்கள் அந்த பவர் சப்ளையும் மானிட்டரும் எஸ்எஸ்டியும்தான்.

தங்களிடம் கேட்பது ஒன்றே. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறார்கள், பிஸ்கட் பாக்கெட்டிலும் போடுகிறார்கள். மதர்போர்டு பெட்டியில் 'ஃப்யூச்சர் ரெடி' என்பதை எடுத்துவிட்டு, இந்த சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறைச் செயலி வரும், எந்த ஆண்டுவரை பயாஸ் அப்டேட் தருவோம் என்று இரண்டு வரி அச்சிடுங்கள். நட்சத்திரக் குறி இல்லாமல், படிக்கிற அளவில்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளன்