மாப்பிள்ளை கட்டின கோழி மாளிகை

வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. உங்க கோழிக்கூட்டைப் பாத்துட்டுத்தான் வர்றேன். கண்ணு பட்டுரும், திருஷ்டிப் பூசணி ஒண்ணு கட்டிப்போடுங்க. நாலு பக்கமும் தார்ப்பாய், இண்டு இடுக்கெல்லாம் சாக்கு. ஊட்டிப் பனி என்ன, எறும்புகூட நுழைய முடியாது. படிச்ச கையாச்சே! கதவைத் திறந்து தலையை நீட்டுனேன், மூக்கு எரிஞ்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மாப்பிள்ளை மேல இருக்கற பாசத்துல அழுதேன்னு வெச்சுக்கங்க.

அந்த எரிச்சலுக்குக் காரணம் அம்மோனியா, ஈரமான எச்சத்துல இருந்து கிளம்பற வாயு. கோழி எச்சத்துல முக்கால்வாசி தண்ணி. மூச்சு விட்டாலும் ஈரம். நீங்க வழியை அடைச்சுட்டீங்க, அது எங்க போகும்? தகரத்துல முட்டி, விடிய விடிய கோழி முதுகு மேலயே சொட்டுது. அப்புறம் கொறட்டை விடுது, சளி புடிச்சிருச்சுன்னு டாக்டரைத் தேடறீங்க. கோழியைக் கொல்றது குளிரு இல்லீங்க, ஈரம்.

கோழி உடம்புச் சூடு 41 டிகிரி. உங்களுக்கு அந்தச் சூடு வந்தா, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கீட்டு ஓடுவோம். கோழியோ குளிர்ல இறகைச் சிலுப்பி நடுவுல காத்தை அடைச்சுக்கிட்டு கம்முனு உட்கார்ந்துக்கும். இறகு காஞ்சிருந்தாப் போதும். எங்க பொண்ணு சொன்னா, போன்ல எதையோ பாத்துட்டு கோழிக்கு ஸ்வெட்டர் பின்னச் சொன்னீங்களாமா? சிலுப்ப முடியாம இறகை அமுக்கி வெக்கறதுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கல்யாணமானதுல இருந்து அவ ஒரு ஸ்வெட்டருக்குக் காத்துக்கிட்டிருக்கா, அது வேற கதை.

தாவரவியல் பூங்காவுல மிலாறுச் செடியை வெட்டிப் பூச்செடிக மேல மூடி வெக்கறாங்களே, ஏன்னு கேட்டிருக்கீங்களா? வானம் தெளிஞ்ச ராத்திரியில நிலத்துச் சூடு மேல போயிருது. அதான் காந்தல், தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்குது. மேல மறைப்பு இருந்தா அந்தச் சூடு தங்கும். கோழிக்கும் அதே கணக்குத்தான். தலைக்கு மேல கெட்டியாக் கூரை. உட்கார்ற உசரத்துல காத்தடிக்காத சுவரு. சுவத்துக்கு மேல, கூரைக்கு அடியில, ஒரு சாண் திறப்பு. ஈரம் அந்த வழியாப் போயிரும். திறப்புல கம்பிவலை அடிங்க, கீரியும் காட்டுப்பூனையும் வராது. சிறுத்தை வந்தா? அதுக்கு நான் யோசனை சொல்றதில்லீங்க.

மூங்கில் குச்சியில கோழியை நிக்க வெச்சிருக்கீங்க. கழைக்கூத்தா நடக்குது? பட்டையான ரீப்பரைப் படுக்க வெச்சு அடிங்க. காலு மேல வயித்து இறகு மூடிக்கும், விரலு விறைக்காது. தரையில உமி போடுங்க, இல்லாட்டி மரப்பட்டறை இழைப்புத்தூள், ஆறு அங்குலம். அடிக்கடி கிளறி விடோணும். கை கூசுச்சுன்னா, பொழுதோட ரெண்டு பிடி மக்காச்சோளத்தை உமி மேல விசிறுங்க. கோழியே கிளறிக்கும், தின்ன சோளம் ராத்திரி முச்சூடும் வயித்துல சூடு குடுக்கும். காலையில வெதுவெதுன்னு தண்ணி வைங்க.

முட்டை குறைஞ்சுபோச்சுன்னு கோழியை முறைக்கறீங்களாமா. மார்கழியில இங்க பகலே பதினொன்றரை மணி நேரந்தான். நல்லா முட்டை விட 14 மணி நேரமாச்சும் வெளிச்சம் கேக்கும். போதாக்குறைக்கு இறகு உதிர்த்துப் புதுசு முளைக்கற சமயம். தின்ன புரதமெல்லாம் இறகுக்குப் போயிரும். கொஞ்சம் கருவாட்டுத் தூளைத் தீவனத்துல கலந்து குடுத்துட்டு, முறைக்கறதை நிறுத்துங்க.

கரிச்சட்டி வெக்கலாமான்னு மச்சான்கிட்டக் கேட்டீங்களாமே? மூடின ரூமுல கரி மூட்டிப் படுத்தவங்க விடிஞ்சும் எந்திரிக்காத சேதி இந்த ஊர்ல அப்பப்ப வருது. அந்த விஷவாயுவுக்கு வாசமே கிடையாது. உள்ளே ஹீட்டரு ஒண்ணு வேற பாத்தேன். காஞ்ச உமிக்கும் சூடான கம்பிக்கும் ஆகவே ஆகாது. ஹீட்டருக்குப் பழக்கிவிட்ட பின்னாடி கரண்டு போச்சுன்னா, ஒரே ராத்திரியில அத்தனையும் வெடவெடன்னு நடுங்கும். குஞ்சுக்கு மட்டுந்தான் பல்பு. முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க.

பிப்ரவரியில கால்நடைத் துறைக்காரங்க வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் போடுவாங்க, இலவசந்தான். கோழிகளைக் கூடையில போட்டுத் தூக்கீட்டுப் போங்க, கௌரவம் பாக்காதீங்க.

அப்புறம் அந்த ஹீட்டரு. கோழிக்குத்தான் வேண்டாம்னு ஆயிருச்சே. சாயங்காலம் என்ற ரூமுக்கு அனுப்பிருங்க, ராத்திரி முழங்கால் வலிக்குது.