மூடாக்கு மீமாம்சை

செடியின் காலடி மண்ணைச் சருகாலும் மரத்தூளாலும் நறுக்கிய கிளைச் சில்லுகளாலும் போர்த்திவைக்கும் மூடாக்கு என்னும் கர்மத்தைக் குறித்து, சித்திரை வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் மதுரையிலே, அதிலும் காளவாசல் வீட்டுக் கொல்லைகளை முன்னிட்டு, ஒரு சாஸ்திரம் இயற்றப்படாதிருப்பது நம் பண்டிதர்களின் அலட்சியத்துக்கு நல்ல நிதர்சனமாகும்.

முதலில் பூர்வபட்சம். சருகு கிடக்கும் வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்பது எதிர்த்தரப்பாரின் பிரதான வாதம்; அவர்களுடைய ஆயுதம் விளக்குமாறு, உபாயம் தீப்பெட்டி. மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலையனைத்தையும் விடியுமுன் கூட்டிக் குவித்துத் தெருமுனையில் கொளுத்திவிட்டு, அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போய் மூட்டை உரம் வாங்கிவரும் அவர்களுடைய பொருளாதாரம் தனியே ஆராயத்தக்கது. வள்ளுவரும் தங்கள் கட்சியே என்பர். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதுவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று உழவு அதிகாரத்தில் அவர் சொன்னது மெய்தான். ஆனால் அவர் உழச் சொன்னாரேயன்றிச் சருகைக் கொளுத்தச் சொல்லவில்லை. மேலும், அப்படி உழுத புழுதிதானே மேலாடையாகக் கிடந்து அடியீரத்தைக் காக்கிறது? ஆகவே அவரும் நம் கட்சியே.

இனிச் சித்தாந்தம். மத்தியான வெயிலில் சருகை ஒரு கை விலக்கிப் பாருங்கள்: கருத்த ஈரமண், வெண்ணூல் போன்ற பூஞ்சை இழை, தொட்டதும் சுருளும் ரயில்பூச்சி. வெளிச்சம் எட்டாமையால் களையும் அங்கே அதிகம் தலைகாட்டுவதில்லை. ஜப்பானிய உழவர் ஃபுகோகா 1975-ல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் எழுதியதும், இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்ததும் இதுவே.

பிரயோகத்தில் சில விதிகள் உள. மூடாக்கின் கனம் 2 முதல் 4 அங்குலம் போதும். மிஞ்சினால் தூறல் வேருக்கு இறங்காது. அடித்தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். நாலு விரற்கடை விலக்குக. பச்சை மரத்தூளை மண்ணோடு கிளறிவிட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாமே புசித்துவிட, இலை மஞ்சளிக்கும். மேலே பரப்பினால் அத்தோஷம் பெரிதாக இல்லை. புல்தரைக்கோ, வெட்டிய புல்லை அங்கேயே மெல்லிசாக உதிரவிடுவதே மூடாக்கு. பிளைவுட் தூள் மட்டும் கூடாது. அதில் பசை கலந்திருக்கிறது.

கச்சாப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்துக்கு முன் மின்கம்பியை உரசுகிறதென்று வெட்டித் தெருவில் போடும் புங்கங்கிளையை வீட்டுக்கு இழுத்துவந்து, அரிவாளால் விரல்நீளம் நறுக்கினால் ஆயிற்று. வாசகர்கள் வருகிற பங்குனியிலாவது தீப்பெட்டியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுச் சருகைச் செடியடியில் கொட்டும்படி பிரார்த்திக்கிறேன். கதவுநிலைக்கு அருகே மட்டும் வேண்டாம். கறையானுக்குச் சாஸ்திரம் தெரியாது.