அசையாத எண்ணும் அம்பது ஹெர்ட்ஸும்

ஏலே பேராண்டி, உங்க லோடு டெஸ்பாட்ச் சென்டர்ல பழைய கம்ப்யூட்டரையெல்லாம் கழிச்சுட்டு, செவுரகலத்துக்குத் திரை வைக்கப்போறாங்கன்னு உங்கம்மை சொன்னா. நல்லா வையுங்க. மந்திரி வந்து நின்னா போட்டோவுல எடுப்பா இருக்கும். மறுநாள்ல இருந்து அதை யாரு பாக்கப்போறான்னு மட்டும் கேட்டுராத. பெரிய ஆபீஸ்ல அப்படிக் கேக்கப்பிடாது.

நம்ம குளத்துக்கு முன்ன நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு அவர் சொன்னா சொன்னதுதான். மேமடைக்காரன் ராத்திரியோட ராத்திரியா வரப்பை வெட்டிட்டா, அவரு கையில மம்பட்டியைத் தவிர ஒண்ணும் கெடையாது. உங்க பொழப்பும் அதுதாம்லே. ஒரே வித்தியாசம், தண்ணி குளத்துல கெடக்கும், கரண்டு கெடக்காது. உண்டாக்குன நொடியே செலவாகணும். தேவை கூடுனா ஹெர்ட்ஸ் எறங்கும், கொறைஞ்சா ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவுல அதை நிறுத்தத்தான் உனக்குச் சம்பளம்.

2012 ஜூலை 30 ராத்திரி ரெண்டரை மணிக்கு வடக்க கிரிட் சாஞ்சுது. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன்ல அத்தனை பாரம். ரிலே அதைக் கோளாறுன்னு எடுத்துக்கிட்டு லைனை வெட்டி விட்டுட்டு. மறுநாள் மத்தியானம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும் சேந்து படுத்துட்டு. அறுபது கோடி சனத்துக்குக் கரண்டு இல்ல. கன்ட்ரோல் ரூம்ல திரை இல்லையா? இருந்துச்சு. கூடுதலா இழுக்காதீங்கன்னு மாநிலங்களுக்குச் சொல்லலியா? சொன்னாங்க. எவன் கேட்டான்?

தெக்க நாம தப்பிச்சோம். நம்ம சாமர்த்தியம்னு வெளியில சொல்லிக்கோ. நெசம் என்னன்னா, நாம அப்ப அந்தக் கிரிட்டோட ஒண்ணாவே ஓடல. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாத்தான் சேத்து விட்டாங்க. இனி அங்க சாஞ்சா இங்கயும் ஆட்டம் தெரியும்.

எளக்காரமா பேசுதேன்னு நெனைக்காத. 2020 ஏப்ரல் 5 ராத்திரி, ஒம்பது மணிக்கு ஒம்பது நிமிஷம் வெளக்கை அணைக்கச் சொன்னாரே பிரதமர், அன்னைக்கு 12,000, 13,000 மெகாவாட் கொறையும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க. கொறைஞ்சது 31,000. நீர்மின் நிலையங்களைக் கிடுகிடுன்னு எறக்கி, மறுபடி ஏத்தி, 49.7-க்கும் 50.26-க்கும் நடுவுல புடிச்சு நிறுத்திட்டாங்க. டிவிக்காரன் மாடியில நின்னு வெளக்கேத்துனவனைக் காட்டுனான், உங்க கன்ட்ரோல் ரூம்காரங்களைக் காட்டல.

இப்ப டெல்லி தேசிய சென்டர்ல இருந்து மெஷினே நாலு செகண்டுக்கு ஒருக்கா மின் நிலையத்துக்குக் ‘கூட்டு, கொறை’ன்னு சொல்லுதாமே. ரொம்ப நல்லது. போனை எடுக்காதவனும் சிக்னலுக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகணும். மாநிலத்துக்காரன் எவ்வளவு இழுக்கான்ங்கிற சுவிட்சு மட்டும் இன்னும் அவன் கையிலதான். அதைப் பத்தி டெண்டர்ல ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாரு. அடுத்த பிரமோஷன் வேண்டாம்னா சத்தமாவே தேடு.

இன்னொண்ணு. சப்ஸ்டேஷன்ல இருந்து உனக்கு எண்ணை அனுப்புத ஆர்.டி.யு. பெட்டி செத்துப்போனா உன் திரை கறுக்காது. காலையில காட்டுன எண்ணையே சாயங்காலமும் காட்டிக்கிட்டு நிக்கும். அந்த அசையாத எண்ணைப் பாத்து ‘நெலைமை சீரா இருக்கு’ன்னு ரிப்போர்ட் எழுது, மேலதிகாரி குளுந்து போவாரு. போன் அடிச்சு அங்க உள்ள ஆபரேட்டர்ட்ட மீட்டரைப் பாக்கச் சொன்னேன்னு வையி, உனக்கு வேலை கூடும், அவனுக்குத் தூக்கம் போகும். பழைய சிஸ்டத்தை ஒரு மழைக்காலம் வரைக்கும் புதுசு பக்கத்துலயே ஓட விடுங்கன்னும் சொல்லாத. கான்ட்ராக்டருக்கு பில்லு பாஸாகாது, பாவம்.

ஆனி ஆடியில காத்து பொங்கும்போது நம்ம ஊரு காத்தாடியைத்தான் மொதல்ல நிறுத்தச் சொல்லுவிய, தெரியும். ஒரு நாளைப் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷமா 96 துண்டாக்கி, எந்தத் துண்டுல எவ்வளவு காத்துன்னு முந்தின நாளே எழுதி வைக்கீங்கல்லா? அதுல எந்தத் துண்டுல நிறுத்தப்போறியன்னு எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு. இரைச்சல் இல்லாத நேரமாப் பாத்து கட்டிலை அங்க போடணும்.