துண்டு இருக்கு, ஆளைக் காணோம்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது எழுதாத சட்டம். துண்டுக்காரர் கடலைமிட்டாய் வாங்கப் போய், அப்படியே வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாலும் சட்டம் மாறாது. நாம் சாத்தூர் வரை நின்றுகொண்டு போவோம்; துண்டு உட்கார்ந்து வரும்.

கம்ப்யூட்டரிலும் இதே பஸ்தான். பின்னணியில் ஓடும் புரோகிராம், கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்த எண்ணை ஒரு பூட்டுக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கும், முடிந்ததும் அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் புரோகிராம் காலி, கோப்பு மட்டும் அசையாமல் கிடக்கும். அடுத்து வருகிற புரோகிராம் அதைப் பார்த்து, "உள்ளே ஆள் இருக்கு" என்று திரும்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மூன்று நாள் பேக்கப் இப்படித்தான் வெகு மரியாதையாக நடக்காமல் இருந்தது.

ஆள் உண்டா என்று விசாரிக்க லினக்ஸில் 'கில்' கட்டளை உண்டு. பெயர்தான் கொலைகாரப் பெயர். கூடப் பூஜ்யம் சேர்த்தால் மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதிலும் வில்லங்கம்: கரண்ட் வந்து மறுபடி கிளம்பிய கம்ப்யூட்டர் அதே எண்ணை வேறொரு புரோகிராமுக்குக் கொடுத்திருக்கலாம். துண்டு யாருடையது என்று கேட்டால் சம்பந்தமில்லாத ஒருத்தர் கையைத் தூக்குவார்.

'எஃப்லாக்' முறையில் இந்தத் தொல்லை இல்லை. பூட்டு, லினக்ஸின் மையமான கெர்னலின் கையில். புரோகிராம் செத்தால் பூட்டும் தானாக விட்டுவிடும். கண்டக்டரே துண்டை எடுத்து வெளியே எறிகிற மாதிரி. அப்படி ஒரு கண்டக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.