பென்சில் மைக்கும் பெருமழையும்

வில்லுப்பாட்டு என்பது ஒரு கூட்டமே ஒரே பாயில் உட்கார்ந்து போடும் சத்தம். நடுவில் வீசுகோலும் கையுமாக, பாட்டை நடத்தும் அண்ணாவி. எதிரே மணி கட்டிய வில், அதைத் தாங்கிக்கொண்டு ஒரு மண்குடம். குடக்காரர் பத்தையால் குடத்தின் வாயில் அறைவார். பக்கத்தில் உடுக்கு, ஜால்ரா, கட்டை. போதாததற்கு, அண்ணாவி மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் ‘ஆமா’ போட ஓர் ஆள். இந்தப் பாட்டு ஊறிய மண்ணில் 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வில்லடிச்சான் பாட்டு என்றும் சொல்லப்படும் இது இரண்டு பக்கமும் தங்கிவிட்டது.

இதை எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்தது. அவருடைய தாய்மாமா குடம் அடிப்பவர், வயதும் ஆகிவிட்டது. கையில் இருந்ததோ மேடைப் பாடகர்கள் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58. 1966-இல் பிறந்த மைக், கீழே போட்டாலும் சாகாது. அதில் அண்ணாவியின் குரல் கணீரென்று விழுந்தது. வில்லின் மணிகள் மட்டும் கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல் கேட்டன. டைனமிக் மைக்கின் சவ்வு ஒரு கம்பிச்சுருளையும் சுமந்துகொண்டே அசைய வேண்டும். வீசுகோல் பட்டதும் மணிகள் சிதறுகிற வேகத்துக்கு அது எழுந்து வருவதற்குள் சத்தம் போய்விடும். கண்டென்ஸர் மைக்கில் அந்தச் சுமை கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய, உலோகம் பூசிய ஒரு சவ்வு, பின்னால் ஒரு தகடு, நடுவில் மின்னேற்றம், அவ்வளவுதான். சவ்வு அரை அங்குலத்தை ஒட்டி இருந்தால் அது சின்ன டயஃப்ரம். உருவத்தைப் பார்த்து ‘பென்சில் மைக்’ என்பார்கள்.

கடன் வாங்கி வந்த ஒன்றை மாமா உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“மருமோனே, இது டார்ச் லைட்டாக்கும்?”

“மைக்காக்கும், மாமா.”

“அப்ப பேட்டரி எங்க போடும்?”

நியாயமான கேள்வி. பேட்டரி இல்லை, ஒலி போகும் அதே வயர் வழியாக 48 வோல்ட் உள்ளே வரும். ஏன் 48 என்பதற்கு நார்வே வரை போக வேண்டும். 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் கேஎம் 84 என்ற பென்சில் மைக்கை நார்வே வானொலிக்குச் செய்து கொடுத்தது. அங்கே குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம். அதனால் ஸ்டுடியோக்களில் அவசர விளக்குக்காக 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே இருந்தது. மைக்குக்கும் அதையே கொடுத்துவிட்டார்கள். பிறகு அதுவே உலகத்துக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. நார்வேக்காரர் கரண்ட் போனால் எரிய வைத்திருந்த விளக்கின் கணக்குத்தான் இன்று பாறசாலை முற்றத்திலும் ஓடுகிறது. இங்கே கரண்ட் போனால் மைக்கும் சேர்ந்து போகும் என்பது வேறு விஷயம்.

பிறகு தொடங்கியது தேர்வு என்னும் நோய். கேஎம் 84-இன் வாரிசான கேஎம் 184, ஜோடி லட்சத்தைத் தாண்டும். ஷூர் எஸ்எம்81, 1978 முதல் வெயிலிலும் ஈரத்திலும் உழைப்பதற்கென்றே செய்யப்படுவது. ஆஸ்திரேலியாவின் ரோட் என்டி5. ரஷ்யாவில் சமோவாருக்கும் துப்பாக்கிக்கும் பேர்போன தூலா நகரத்து ஒக்டாவா எம்கே-012. சில ஆயிரத்துக்கே ஜோடியாகக் கிடைக்கும் பெஹ்ரிங்கர் சி-2. மருமகன் இரவு முழுக்க அட்டவணை படித்தார். கேஎம் 184-இன் சொந்த இரைச்சல் 13 டெசிபல், எஸ்எம்81-க்கு 16. இந்த மூன்று டெசிபலுக்காக ஒரு மனிதர் தூக்கம் கெட்டார். அவர் வீட்டு வாசலில் தேசிய நெடுஞ்சாலை 66. அந்தப் பக்கம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை. பின்னால் ரப்பர் தோட்டத்தில் சில்வண்டு. உற்சவக் காலமானால், எந்தக் கோவிலில் கட்டியது என்றே தெரியாத கூம்பு ஸ்பீக்கர். மூன்று டெசிபல் இவற்றுக்கு நடுவில் எங்கே போய் நிற்கும் என்று அட்டவணையில் போடவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது பக்கவாட்டுச் சத்தத்தை. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலச் சவ்வு கிட்டத்தட்ட அந்த அளவை நெருங்கிவிடுவதால், ஓரத்திலிருந்து வரும் உச்ச ஒலிகள் அதில் மங்கிப் போகும். சின்னச் சவ்வுக்கு அந்தச் சிக்கல் குறைவு. பாயின் ஓரத்தில் இருக்கும் ஜால்ராக்காரரும் ஜால்ராக்காரராகவே கேட்பார். வில்லுப்பாட்டுக்கு இந்த ஜாதி மைக் பொருந்துவது இதனால்தான். மற்றபடி கேஎம் 184 ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். வெண்கல மணிக்கு முன்னால் வைத்தால் பல் கூசும். எஸ்எம்81 இருப்பதை இருந்தபடி சொல்லும். குமரிக் காதுக்கு எஸ்எம்81 போதும் என்பது என் கட்சி.

ஜோடி மைக்கை நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் 1960 வாக்கில் வகுத்தது: இரண்டுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், விரிகோணம் 110 பாகை. மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி வந்தது. மருமகன் பாயின் மேல் குனிந்து கோணம் அளப்பதைப் பார்த்த மாமா, வாஸ்து பார்க்கிறானோ என்று சந்தேகப்பட்டார். குடத்துக்கு நேர் எதிரே மட்டும் வைக்கக் கூடாது. பத்தை விழும் ஒவ்வொரு முறையும் குடத்தின் வாயிலிருந்து காற்று ஒரு குத்துவிடும். சவ்வு அதை வெடியாகவே எழுதிவைக்கும்.

குடத்தின் பெருமை இன்னொன்றும் உண்டு. நவராத்திரிக்கு முன் ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிறாள். அவள் போய் அமரும் நவராத்திரி மண்டபத்தின் கூரையில் எதிரொலியை அடக்க மண்குடங்களைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மைக் வருவதற்கு முந்தைய ஒலிப் பொறியியல் அது. பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த அந்த மண்டபத்தில் 2006-இல் முதல் முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. பத்மஸ்ரீ 2017-இல் வந்தது.

இனி மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று இந்தப் பக்கம் இரண்டு பருவமும் கொட்டித் தீர்க்கும். கண்டென்ஸர் மைக்கின் உள்ளே இருக்கும் மின்னேற்றம் மிக நுண்ணியது. ஈரம் படிந்தால் கசிந்துவிடும். அப்போது ஹெட்போனில் சடசடவென்று பொரி பொரிவதுபோல் கேட்கும். சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை மைக்குகள் ரேடியோ அதிர்வெண் முறையில் வேலை செய்வதால் ஈரத்துக்கு அசைவதில்லை. காட்டில் பறவைச் சத்தம் பதிவு செய்பவர்கள் அவற்றை விடுவதில்லை. விலையைக் கேட்ட மருமகன் காட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார். மாமாவிடம் வேறு வைத்தியம் இருந்தது: “போன் நனைஞ்சா அரிசிப் பானையில போடுவோமில்லியா, அதே மாரி போடு.” அரிசித் தவிடு சவ்வில் ஏறினால் மைக் அன்றே சமாதி. மாமாவுக்கு இதை விளக்குவதற்குள் குடத்தில் ஒரு தாளமே அடித்து முடித்துவிட்டார்.

ஆகவே எல்லையோர வாசகர்களுக்கு: சி-2-வோ எஸ்எம்81-ஓ, கைக்கு எட்டிய ஜோடியை வாங்குங்கள். அத்துடன் இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றும் இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். பதிவைத் தை மாசிக்குள் முடியுங்கள், கூம்பு ஸ்பீக்கர் கட்டாத நாளாகப் பார்த்து.