ஜேர்மனியிலிருந்து திருமலைக்கு: தகப்பன்மார் பாட்டு அனுப்புதல் பற்றிய விளக்கக் கடிதம்

பாட்டு அனுப்புதல் என்பது, திருகோணமலையில் (ஊர்ப்பேச்சில் திருமலை) இருக்கும் தகப்பன் தனக்குப் பிடித்த பாட்டை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, பிள்ளை கேளாமலே அனுப்பிவைக்கும் வழக்கம். அனுப்பியபின் "கேட்டனியோ?" என்று விசாரிப்பதும் இதில் அடங்கும். நகரத்தில் உட்துறைமுகக் கரையிலும், தெற்கே வெருகலுக்குக் கிட்ட இலங்கைத்துறை முகத்துவாரத்திலும் முறை ஒன்றுதான். மாவட்டத்தில் இதற்குப் பழைய முன்னுதாரணமும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே திருகோணமலைச் சிவனான கோணேசரைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். தான் கடல் கடக்காமல் பாட்டை மட்டும் அக்கரைக்கு அனுப்பியவர் அவர். தகப்பன்மார் இந்த நியாயத்தை விரும்பி எடுத்துக்காட்டுவர். கோணமலைக்குச் சம்பந்தர் ஒரேயொரு பதிகத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தகப்பனின் ரசனை உருவான இடம் றேடியோ. கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி, 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. 1952இல் இந்தியாவின் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது அடங்கிப்போக, தமிழ்நாட்டு வீடுகளும் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பின. 1957இல் விவித் பாரதி வந்தபோது பழக்கம் ஊறிவிட்டது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் அந்தத் தலைமுறைக்குச் சொந்தக்காரரின் குரல்களிலும் நெருக்கமானவை. சொந்தக்காரர் நேரத்துக்கு வருவதில்லை; இவர்கள் வந்தார்கள்.

பாட்டை இன்னொருவருக்கு அனுப்பலாம் என்ற எண்ணமும் இங்கேதான் பிறந்தது. ‘நீங்கள் கேட்டவை’, ‘பிறந்தநாள் வாழ்த்து’ போன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒரு தபாலட்டை போட்டால் போதும். அப்பா, அம்மா, அக்கா, அத்தான், மூதூர்ப் பெரியம்மா, தம்பலகாமத்து மாமா, மாமி, மச்சாள்மார் என்று பெயர்கள் வாசிக்கப்படும். பிறகு பாட்டு வரும். பட்டியல் பாட்டைவிட நீண்டுபோனதும் உண்டு. பெயர் விடுபட்ட மாமி இரண்டு கொண்டாட்டங்களுக்கு வராமல் இருந்ததும் உண்டு. பாட்டு நல்லதா என்பது இரண்டாம் கேள்வி. யாருக்காகப் போட்டது என்பதே முதற்கேள்வி. இன்றைய குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் இதே ஒழுங்குதான்.

அடுத்தது கசற். பிலிப்ஸ் நிறுவனம் இதை 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. ஜேர்மனியிலிருந்து புறப்பட்ட பொருள் திருமலை அலுமாரிகளை நிறைத்துவிட்டு, பிற்பாடு ஆட்களின் பயணப்பையில் திரும்பவும் ஜேர்மனிக்கே வந்தது. தயாரிக்கும் விதம் வருமாறு. தகப்பன் கொப்பித்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையான ரெக்கோடிங் பாரில் கொடுப்பார். அறுபது நிமிடக் கசற் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவே அறும். கடைக்காரர் அதைக் குறையென்று ஒப்புக்கொள்ள மாட்டார். "முழுப்பாட்டும் வேணுமெண்டால் தொண்ணூறு நிமிடக் கசற் வாங்கியிருக்க வேணும்" என்பது அவர் பக்க நியாயம். காசை மிச்சம் பிடிக்கும் தகப்பன்மார் றேடியோவிலிருந்தே பதிந்தனர். அந்தக் கசற்றுகளில் முன்னிசையின் மேல் அறிவிப்பாளர் பேசுவார், பின்னால் காகம் கத்தும், யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார்.

திரைப்பாட்டுக்கு வெளியே ஊரின் பாட்டும் இருந்தது. கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தனர். அவர்கள் விட்டுப்போனவற்றில் எல்லாச் சாதியும் சமயமும் சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டது பைலாத் தாளம் ஒன்றைத்தான். அந்தத் தாளத்தின் பக்கத்தில் நின்று 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் தமிழ்ப் பொப்பிசை வளர்ந்தது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பாக்கு நீரிணை தாண்டித் தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளுக்குள் நுழைந்தது. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

திருமலைக்காரருக்கு இவர்களிலும் முக்கியமானவர்கள் சொந்த ஊர்ச் சகோதரர்களான எம்.பி. பரமேஷும் எம்.பி. கோணேஷும். இலங்கையில் தமிழ்ப் பாட்டை இசைத்தட்டாகக் கொண்டுவந்த முன்னோடிகள் அவர்கள். தம்பியின் பெயரே கோணேசரிடமிருந்து வந்ததென்றால் ஊர்ப்பற்றுக்கு வேறு சான்று தேவையில்லை. பரமேஷ் பின்னர் ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய மகள் பிரபாலினி பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் வந்தார். தகப்பனின் இசை பிள்ளையிடம் போய்ச் சேரும் என்பதற்கு ஊர் காட்டும் உதாரணம் இது. இதைக் காட்டியே மற்றத் தகப்பன்மாரும் தத்தம் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தவர்கள் கணக்காளரும் பொறியியலாளரும்தான். அதிலும் குறை சொல்ல இடமில்லை.

பிள்ளை ஜேர்மனிக்குப் போன வழி சுற்றுவழி. 1980களின் முதற்பாதியில் பலர் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள். கொண்டுவந்தது ஒரு பை. அதற்குள் உடுப்பு, மிளகாய்த்தூள், கசற். மிளகாய்த்தூள் முதலில் முடிந்தது. கசற் கடைசிவரை ஓடியது, ஆனால் மெல்லிய சத்தத்தில். இந்த நாட்டில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அமைதி. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் சூலமங்கலம் சகோதரிகளின் கவசம் கேட்டு எழும்பியவர்கள், இங்கே அதே கவசத்தைக் காதுக்குள் செருகிக்கொண்டு எழும்புகிறார்கள். முருகனைச் சற்று உரக்கக் கூப்பிட்டால் படிக்கட்டடியில் ஒரு துண்டுக் கடிதம் ஒட்டியிருக்கும். கடிதம் மிக மரியாதையாக எழுதப்பட்டிருக்கும். அந்த மரியாதைதான் பயமாயிருக்கும். ஈடாகக் கிடைத்தது ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில். தேர்த்திருவிழாவன்று ஆயிரக்கணக்கில் சனம் கூட, தவிலும் நாகஸ்வரமும் முழங்க, பொலிஸ்காரர் வீதியை மறித்துத் தருகிறார்.

றேடியோ விடயத்திலும் இந்த நாடு தாராளம். 2013 முதல் ஒவ்வொரு வீடும் ஒலிபரப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். 2021இலிருந்து அது மாதம் 18 யூரோ 36 சதம். வீட்டில் றேடியோ இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை, வீடு இருந்தால் போதும். ஆகவே கொழும்பு வானொலியின் பழைய பதிவுகளைத் தவிர வேறொன்றும் கேளாத திருமலைக் குடும்பம், ஜேர்மன் ஒலிபரப்பு முழுவதற்கும் பங்களிப்புச் செய்கிறது. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1980களிலிருந்து திருகோணமலையில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி மறு ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்தது. 2013இல்தான் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தது. ஜேர்மன்காரர் தங்கள் குரலைத் திருமலையிலிருந்து அனுப்பிய அதே காலத்தில், திருமலைக்காரர் தங்கள் குரலைக் கசற்றில் பதிந்து ஜேர்மனியிலிருந்து அனுப்பினர். இருபகுதியினரும் ஒருவரையொருவர் கேட்டதாகத் தெரியவில்லை.

பதிலுக்கு ஊரிலிருந்து வந்த குரற்கசற்றில் சுகம் விசாரிப்பு அம்மாவின் பகுதி. காசு வந்ததா, ஆர் செத்தது, ஆருக்குக் கலியாணம் என்பவை அதில் வரும். மிஞ்சிய இடத்தில் அப்பா இரண்டு பாட்டுப் பதிந்துவிடுவார். தகப்பனுக்கு மகனிடம் கதைக்க விடயம் இருக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சொல்ல வெட்கப்பட்டதை டி.எம். சௌந்தரராஜனிடம் ஒப்படைத்தார் என்பதே பொருத்தமான விளக்கம்.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் டெக்கும் கலர் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து ஓர் இரவில் மூன்று படம் பார்ப்பார்கள். மூன்றாவது படத்தின் முடிவு எவருக்கும் தெரியாது. யூரியூப் வந்தபின் நிலைமை சீராகும் என்று நம்பப்பட்டது. ஜேர்மனியிலோ 2009இல் இசை உரிமைச் சங்கமான கேமாவுக்கும் யூரியூபுக்கும் பிணக்கு வந்து, 2016 நவம்பர் வரை ஏராளமான பாட்டு வீடியோக்கள் அடைபட்டுக் கிடந்தன. இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது என்ற அறிவித்தல் மட்டும் திரையில் நிற்கும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் திறக்கும் வீடியோ, எல்லாம் இருக்கும் நாட்டில் திறக்காது என்பதைத் திருமலையில் எவரும் நம்பவில்லை. பிள்ளை சாட்டுச் சொல்கிறது என்றே முடிவு செய்யப்பட்டது.

வட்ஸ்அப் இந்தத் தடைகளைப் போக்கி, வேறொன்றைக் கொண்டுவந்தது. திருமலையில் தகப்பன் எழும்புவது காலை ஐந்து மணிக்கு. முதல் வேலை பாட்டு அனுப்புவது. குளிர்காலத்தில் இரு நாட்டுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஆக, பாட்டு ஜேர்மனியில் வந்து விழுவது நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, அல்லது ஒன்றரைக்கு. அதன்மேல் ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்ற இரட்டை அம்புக்குறி இருக்கும். வதந்தி பரவாமலிருக்க, அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம் என்று 2020இல் விதி வந்தது. தகப்பன் பேரப்பிள்ளைகள், மருமகன், சம்பந்தி என்று ஒவ்வொருவருக்காக அனுப்பினார். விதி அவருடைய வேகத்தைக் குறைத்தது. பொழுதுபோக்கைக் கூட்டியது.

இனி விளைவு. பிள்ளை இதையெல்லாம் கேட்டானா என்றால், பாதியைக் கேட்கவில்லை. ஆனாலும் செவி தகப்பனுடையதாகவே ஆகிவிடுகிறது. யூரியூபில் ஒரு பழைய பாட்டு முடிந்தவுடன் மனம் தானாகவே அடுத்த பாட்டைத் தொடங்கும். அது ரெக்கோடிங் பாரில் கொடுத்த தாளின் வரிசை. யூரியூப் போடுவது வேறொன்று. சரணத்தின் நடுவில் கசற் அறுந்த இடம் வரும்போது காது தானாக நின்றுவிடும். அதற்கப்பால் பாட்டு தொடர்வது ஏதோ முறைகேடு போல் படும். முன்னிசையில் அறிவிப்பாளர் பேசாவிட்டால் அது போலிப் பதிவோ என்ற சந்தேகம் எழும். பாட்டின் ராகம், தாளம் பற்றித் தகப்பன் ஒருநாளும் பாடம் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது. கற்றுக்கொடுத்ததெல்லாம் எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பின்னால் வரவேண்டும் என்பதுதான்.

ஜேர்மனியில் பிறந்த பேரப்பிள்ளைகள் சனிக்கிழமையில் தமிழ்ப் பாடசாலை, ஞாயிற்றுக்கிழமையில் மிருதங்க வகுப்பு என்று வளர்ந்து, மீதி நேரத்தில் ஜேர்மன் றப் கேட்கிறார்கள். காரில் ஏறியதும் அவர்களின் தகப்பன், அதாவது மேற்படி பிள்ளை, தன்னுடைய பாட்டைப் போடுகிறான். இறங்கும்போது "கேட்டனியளோ?" என்று விசாரிக்கிறான். பேரன் ஒரு நாள் எதிர்த்திசையில் திருமலைக்கு ஒரு றப் பாட்டு அனுப்பினான். தாத்தா முழுவதும் கேட்டுவிட்டுக் கொடுத்த தீர்ப்பு: "பொடியன் கோவத்தில நிக்கிறான், சாப்பிட ஏதும் குடுங்கோ." பிறகு அதையும் சம்பந்திக்கு அனுப்பினார்.

இக்கடிதம் போய்ச்சேரும் வீட்டின் கவனத்துக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. திருமலை நேரம் காலை பதினொன்றுக்குப் பின் அனுப்பப்படும் பாட்டுகள், வேலைக்குப் போகும் ரயிலில் உடனே கேட்கப்படும். ஐந்து மணிக்கு அனுப்பப்படுபவையும் கேட்கப்படும், ஆனால் "கேட்டனியோ?" என்ற தொலைபேசி அழைப்பு ஐந்தேகாலுக்கு வரத் தேவையில்லை.