பொருள்: சாக்பீஸ் பயன்படுத்தியது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக

அனுப்புநர்:
வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்,
அரசு கலைக் கல்லூரி ஒன்று
(ஊர்ப்பெயர் எழுதினால் இடமாறுதல் வரும்).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஆசிரியர்களுக்கான கற்பித்தல் தொழில்நுட்பப் பயிற்சிப் பிரிவு.

பார்வை: தங்கள் குறிப்பாணை, அதன் நினைவூட்டு, நினைவூட்டின் நினைவூட்டு.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர் (பொருந்தாததை அடித்துவிடவும்),

தங்கள் குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். 31 பயிற்சிகள் முடித்த பிறகும் நான் வகுப்பில் சாக்பீஸ் பயன்படுத்துவதாகத் தங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் உரிய வழியில் விளக்கம் அனுப்ப வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். உரிய வழி என்பது துறைத்தலைவர் மேசை, முதல்வர் மேசை, இணை இயக்குநர் அலுவலகத்துத் தபால் பிரிவு என்று ஊர்வலம் போகிற வழி. ஏழு நாளில் இந்தக் காகிதம் முதல்வர் மேசைக் கண்ணாடியைக்கூடத் தொடாது. எனவே திறந்த கடிதமாகவே எழுதிவிடுகிறேன். பொறுத்தருள்க.

குற்றத்தை மறுக்கவில்லை. என் சட்டையின் இடது பையே சாட்சி. ஆனால் அதே சட்டையின் வலது கையில் ஒரு ஃபைல் இருக்கிறதே, அதையும் பாருங்கள். 31 சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில். இதில் 19 சான்றிதழ்கள் 2020 ஊரடங்குக் காலத்து விளைச்சல். அந்த ஆண்டு கல்லூரிகள் மூடிக் கிடந்தன. சான்றிதழ் மழை மட்டும் நிற்கவே இல்லை. காலை பத்து மணிக்கு இணையவழிக் கருத்தரங்கு, மதியம் ஒரு வினாடிவினா, சாயங்காலம் எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. வினாடிவினாவில் நாற்பது மதிப்பெண் எடுத்தால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்து விழும். ஒருநாள் என் பத்தாம் வகுப்புப் பையன் என் செல்போனை நோண்டி எனக்கு 'மீன்வளத்தில் நவீனப் போக்குகள்' சான்றிதழ் வாங்கித் தந்தான். அதையும் ஃபைலில் சேர்த்திருக்கிறேன். தரச்சான்று ஆண்டறிக்கைக்கு எண்ணிக்கைதானே முக்கியம்.

பயிற்சிகளில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்டதனம். பெஞ்சமின் ப்ளூம் 1956இல் கற்றல் நோக்கங்களை ஆறு படியாக வகுத்தார் என்பதை 14 முறை கற்றேன். ஆறு படிகளில் முதல் படி அறிவு, அதாவது கற்றதை நினைவில் வைத்தல். பதினாலாவது முறையும் அந்த முதல் படியிலேயே பயிற்சி முடிந்தது.

அடுத்து ஒரு கூம்புப் படம் வரும். படிப்பதில் 10 சதவீதம் மனதில் நிற்கும், கேட்பதில் 20 சதவீதம், பார்ப்பதில் 30, செய்து பார்ப்பதில் 90 என்று. கீழே எட்கர் டேல் என்று பெயர். ஒருமுறை வாய் சும்மா இருக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். "சார், டேல் 1946இல் போட்ட கூம்பில் சதவீதமே கிடையாதே. இந்த எண்களைப் பின்னால் யாரோ ஒட்டியதாகச் சொல்கிறார்களே?" என்றேன். பயிற்சியாளர் புன்னகைத்தார். "கேள்விகளைச் சாட் பாக்ஸில் போடுங்கள், கடைசியில் பார்க்கலாம்" என்றார். கடைசியில் கருத்துப் படிவம் வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் சான்றிதழ் இறங்கும் என்று பக்கத்து ஊர் நண்பர் வாட்சப்பில் எச்சரித்தார். போட்டேன்.

இன்னொரு நாள் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் கொள்கைகள். அதில் ஒன்று: படமும் விளக்கப் பேச்சும் ஓடும்போது, அந்தப் பேச்சையே திரையில் வரிவரியாகவும் காட்டாதே, கற்பவர் மூளைக்கு அது வீண் சுமை. அருமையான கருத்து. அதைப் பயிற்சியாளர் திரையில் வரிவரியாகக் காட்டி, ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினார்.

சரி, சாக்பீஸுக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. முதல் மாடியில், கழிப்பறைக்கு அடுத்து, பூட்டியிருக்கும் அறை அதுதான். உள்ளே இருப்பது விலை உயர்ந்த பொருள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். ஒரு கீறல் விழுந்தால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடித்தம் வரும் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அதனால் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. சாவி எங்கள் ஆய்வக உதவியாளரிடம் இருக்கிறது. அவர் நல்ல மனிதர். கேட்டால் தருவார். "சார், நீங்க எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு ஆச்சுன்னா நான் இல்லைன்னு சொல்லிடுவேன்" என்பார்.

அந்த அறை முறையாகத் திறக்கப்படும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் புகைப்படம் எடுக்கும் நாள். 'தகவல் தொழில்நுட்ப வசதியுடன் கூடிய வகுப்பறையில் ஆசிரியர் பாடம் நடத்துகிறார்' என்பதற்கு ஆதாரம் வேண்டும். போன தடவை என்னைத்தான் நிற்கவைத்தார்கள். வணிகவியல் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்ததால் அவர்களையே உட்காரவைத்தார்கள். திரையில் பென்சீன் வளையம். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், இது என்ன கம்பெனி லோகோ?" என்று கேட்டாள். அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் அருமையாக விழுந்தது.

அந்தப் பிள்ளையின் கேள்வி உறுத்தியது. மறுவாரம் சாவி வாங்கி, மெய்யாகவே பாடம் நடத்தப் போனேன். இரண்டாம் ஆண்டு, தமிழ்வழி வகுப்பு, 58 பேர். பாடம் வேதிச் சமநிலை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து 22 ஸ்லைடு தயாரித்திருந்தேன். யு.பி.எஸ். கீச்சிட்டது. ரிமோட்டில் பேட்டரி இல்லை; சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்து எடுத்துப் போட்டோம். பத்து நிமிடம் போனபின் திரை வெளிச்சமாயிற்று. வகுப்பு கைதட்டியது. ஸ்லைடு திறந்தது. ஒரு வரி தமிழ் இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள்.

காரணம் சாதாரணமானது. நான் இருபது வருஷமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவன். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்ட ஏற்பாடு. அந்தக் கணினியில் சட்டை இல்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிக் குறியைத்தான் தட்ட வேண்டும். எனவே என் பாடத்தின் அத்தனை புள்ளிகளும் அரைப்புள்ளிகளாக நின்றன. ஒருங்குறிதான் தரம் என்று தமிழக அரசு 2010இலேயே ஆணை போட்டுவிட்டது, தெரியும். ஆனால் 31 பயிற்சிகளில் ஒன்றில்கூட ஒருவரும், "சார், உங்கள் பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகும், வாங்க காட்டுறேன்" என்று சொன்னதில்லை. பயிற்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில். பயிற்சியாளர்களின் ஸ்லைடில் இந்தச் சிக்கல் வர வாய்ப்பில்லை.

சரி, எழுத்து போனால் போகட்டும், படம் வரைந்தாவது நடத்துவோம் என்று போர்டின் பேனாவை எடுத்தேன். தொட்ட இடத்தில் கோடு விழவில்லை, இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. கேலிபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டுமாம். அது போர்டு மாட்டிய கம்பெனிப் பையனிடம் இருக்கிறதாம். பையன் வேலையை விட்டுவிட்டானாம். சமநிலையை ஒதுக்கிவிட்டு, போன வாரப் பாடத்திலிருந்து சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வடிவத்தையாவது வரையலாம் என்று முயன்றேன். படகு வடிவம் வந்தது. வேதியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள். நிலைப்புத்தன்மை குறைந்த வடிவம் அது.

மணி அடிக்க 12 நிமிடம் இருந்தது. சட்டைப் பையில் கைவிட்டேன். ஸ்மார்ட் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய கரும்பலகை அப்படியேதான் இருந்தது. மேற்படி குற்றம் நிகழ்ந்தது அப்போதுதான்.

அன்று நடத்திய பாடம் லீ சாட்லியர் கொள்கை. சமநிலையில் இருக்கும் அமைப்பின் மீது ஒரு மாற்றத்தைத் திணித்தால், அதன் விளைவைக் குறைக்கும் திசையில் அமைப்பு நகரும். தாங்கள் வேதியியல் படித்தவரா என்று தெரியாது. எங்கள் கல்லூரி மீது தாங்கள் பயிற்சி என்ற அழுத்தத்தைக் கொடுத்தீர்கள்; கல்லூரி அந்த அழுத்தம் குறையும் திசையில், அதாவது சான்றிதழ் இருக்கும் திசையில், நகர்ந்துவிட்டது. விதிப்படிதான் நடந்திருக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. நான் இளநிலை படிக்கும்போதே விடுதி டி.வி.யில் மதிய நேரம் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி ஒளிபரப்பு ஓடும். 1984 ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. சுத்த ஆங்கிலம். கிரிக்கெட் வருமா என்று காத்திருந்த நாங்கள் நாலு பேர் அதைப் பார்த்தோம். பிறகு 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. எங்கள் மொட்டைமாடிக்கு ஒரு டிஷ் வந்தது. 2010இல் செயற்கைக்கோளின் காலம் முடிந்தது. டிஷ்ஷின் காலம் முடியவில்லை, ஏனென்றால் அதைக் கண்டம் செய்ய இன்னும் கமிட்டி போடவில்லை. அதில் காக்கை மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறது. பயிற்சி நிலையங்களுக்கும் பெயர் மாறிக்கொண்டே வந்தது: அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ், பிறகு மனிதவள மேம்பாட்டு மையம், 2023இலிருந்து மாளவியா மிஷன் பெயரில் பயிற்சி மையம். பெயர்ப்பலகை எழுதும் கலைஞர்களுக்கு இந்த நாட்டில் வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த முதல் பெயர்க் காலத்தில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. ஓரியண்டேஷனுக்குப் போயிருந்தேன், வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓய்வு பெறும் வயதில் ஒரு பேராசிரியர், எங்களை ஒவ்வொருவராக பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். என் முறை முடிந்ததும், "தம்பி, நல்லா வரையிறே. ஆனா முழுநேரமும் போர்டுகிட்டத்தான் பேசறே. முதுகைப் பாத்து எந்தப் பிள்ளை படிக்கும்?" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சான்றிதழ் வந்ததா என்று நினைவில்லை. அன்று முதல் திரும்பி நின்று பேசுகிறேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர் இருக்கிறார். ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் ஊதியம். மே மாதம் அவருக்குக் கௌரவம் மட்டும். ஊரடங்கின்போது அவர் ஆய்வகத்திலிருந்து பியூரெட் ஸ்டாண்டை வீட்டுக்குக் கொண்டுபோய், கிளாம்பில் பியூரெட் இருக்கவேண்டிய இடத்தில் செல்போனைக் குப்புறக் கவ்வவைத்தார். கீழே மேசையில் வெள்ளைத்தாள். தாளில் அவர் கை எழுத எழுத, பிள்ளைகள் அதை வீட்டிலிருந்தே பார்த்தார்கள். சோதனை செய்துகாட்டும்போது, நிறமாற்றம் வரும் சொட்டில் போனை அருகே இறக்குவார். டேட்டா தீர்ந்துவிடும் பிள்ளைகளுக்காக மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டி வாட்சப்பில் அனுப்புவார். ஒவ்வொன்றையும் தமிழில்தான் பேசினார். அந்த வீடியோக்களை இப்போதும் எங்கள் பிள்ளைகள் தேர்வுக்கு முன் பார்க்கிறார்கள்.

அவரைத் தங்கள் அடுத்த பயிற்சிக்கு அனுப்பலாமென்று பெயர் கொடுத்தேன். 'நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று திருப்பிவிட்டீர்கள். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைச் சேர்த்தார்கள். அப்படி வந்ததுதான் 31ஆவது சான்றிதழ். தலைப்பு: 'குறைந்த செலவில் கற்பித்தல் வீடியோ தயாரித்தல்'. ஐந்து நாள் நடந்தது. பயிற்சியாளர் ட்ரைபாட், ரிங் லைட், காலர் மைக் மூன்றையும் வாங்கச் சொன்னார். பியூரெட் ஸ்டாண்ட் பற்றி நான் சாட் பாக்ஸில் போட்டேன்.

எனவே என் விளக்கத்தைப் பரிவுடன் ஏற்று, கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். 32ஆவது பயிற்சிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். அந்தச் செலவில் கணினி தெரிந்த ஒரு பையனையோ பெண்ணையோ எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டோடு அனுப்புங்கள். வாரம் ஒருநாள் வந்து கடைசி பெஞ்சில் உட்காரட்டும். எனக்கு எழுத்து மாறும்போது எழுந்து வரட்டும். அந்தக் கௌரவ விரிவுரையாளரைத் தங்கள் பயிற்சிக்கு ஆசிரியராக அழையுங்கள், பயணப்படி கொடுங்கள். போர்டு உடைந்தால் பிடித்தம் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள், அறைக் கதவில் ஒட்டிவிடுகிறோம். இரண்டு பென்டார்ச் பேட்டரி வாங்க அனுமதி தாருங்கள். சுவர்க்கடிகாரம் அன்றிலிருந்து பதினொன்று இருபதிலேயே நிற்கிறது.

கொஞ்சம் சீக்கிரம் முடிவெடுத்தால் நல்லது. எங்கள் ஆய்வக உதவியாளர் வருகிற மே 31ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் போடமாட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டார். பதில் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், சாக்பீஸ் தூளுடன்)

இணைப்பு: சான்றிதழ் நகல்கள் – 31. சாக்பீஸ் – அரைத் துண்டு.